லண்டன் வழியாக அமெரிக்கா: குடும்ப டிக்கெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல வீடுகளில் இப்போது ஒருத்தர் லண்டனில் இருந்தால் இன்னொருத்தர் நியூஜெர்சியில் இருக்கிறார். லீவு வந்தால், "போறதுதான் போறோம், ரெண்டு பேரையும் பாத்துட்டு வந்தரலாமுங்க" என்று பேச்சு கிளம்பும். லண்டன்–நியூயார்க் என்று தட்டினால் திரையில் வரும் தொகை, "அட, இவ்வளவுதானா!" என்று சொல்லவைக்கும். அந்தத் தொகையை நம்பி ஏமாந்தவர்களில் நாங்களும் உண்டு.

நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, அம்மா, 14 வயதுப் பையன், சின்னவள். கொச்சி–லண்டன் போக வர ஒரு நிறுவனத்தில், லண்டன்–நியூயார்க் போக வர இன்னொரு நிறுவனத்தில் என்று தனித்தனியாகப் போட்டோம். கொச்சி டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. லண்டன்–நியூயார்க் டிக்கெட்டோ அடிமட்டக் கட்டணம், கைப்பைக்கு மட்டும்தான் இடம். லண்டன் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் அதைப் படித்தோம். அம்மா தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, புளி உருண்டை ஒரு பக்கம், முறுக்கு டின் ஒரு பக்கம் என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று பெட்டிக்குப் பணம் கட்டினோம், மிச்சத்தை லண்டன் தம்பி தன் வீட்டுக்கே திருப்பி எடுத்துப் போனான். கட்டிய காசுக்கு இன்னொரு ஆளையே கூட்டிப் போயிருக்கலாம்.

ஆகவே முதல் தவறு, பயணத்தைத் துண்டு துண்டாக வாங்குவது. தேடும் பக்கத்தில் 'மல்டி சிட்டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் கொச்சி–லண்டன், லண்டன்–நியூயார்க், நியூயார்க்–கொச்சி என்று ஒரே டிக்கெட்டாகக் கேட்டுப் பாருங்கள். பல நேரம் கொச்சி–நியூயார்க் ரிட்டர்னை விடக் கொஞ்சம்தான் கூட வரும். ஒரே டிக்கெட் என்றால் ஒரு விமானம் தாமதமாகி அடுத்த கனெக்‌ஷன் தவறினாலும் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டி அளவை மட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துண்டு டிக்கெட்டில் விசாச் செலவும் ஒளிந்திருக்கிறது. மிலானிலிருந்து நியூயார்க்குக்கும் ஏதென்ஸிலிருந்து நியூவார்க்குக்கும் எமிரேட்ஸ் பறக்கிறது, ஃபிராங்க்ஃபர்ட்–நியூயார்க் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். சில நாள் விலை ஆசை காட்டும். ஆனால் தனி டிக்கெட் என்றால் அங்கே இறங்கி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். நம் பாஸ்போர்ட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இல்லாமல் அது நடக்காது. பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ. ஐந்து பேருக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மிலானைப் பற்றிப் பேசலாம்.

அடுத்தது, ஐந்து சீட்டையும் ஒன்றாகத் தேடுவது. நம் வேலந்தாவளம் சந்தையில் தக்காளியை மொத்தமாக எடுத்தால் விலை இறங்கும். விமான டிக்கெட்டில் தலைகீழ். எகானமிக்குள்ளேயே பல விலை அடுக்குகள் உண்டு. மலிவான அடுக்கில் மூன்று சீட்தான் மிச்சம் என்றால், ஐந்து பேருக்குக் கேட்கும்போது பெரும்பாலும் மேல் அடுக்கின் விலையே எல்லோர் தலையிலும் விழும். முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இரண்டு, மூன்று, நான்கு. விலை எந்த எண்ணிக்கையில் தாவுகிறதோ அங்கே பிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு பி.என்.ஆரிலும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், குழந்தை தனியாகக் கிடக்கக் கூடாது. பிறகு நிறுவனத்துக்குப் போன் செய்து இரண்டு பி.என்.ஆரையும் இணைக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் சில நூறு ரூபாய் என்றால் இந்த வம்பே வேண்டாம்.

லண்டனில் தங்கிவிட்டுப் போகிறவர்கள் கவனிக்காமல் விடுவது அங்கத்திய பயணி வரியை. பிரிட்டனிலிருந்து கிளம்பும் நீண்டதூர விமானத்துக்கு, எகானமியில் ஆளுக்கு 2026 ஏப்ரல் முதல் 102 பவுண்டு. ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறினால் கிடையாது, தங்கினால் உண்டு. ஆனால் எகானமியில் 16 வயது நிறையாத பிள்ளைகளுக்கு இந்த வரியே இல்லை. 12 வயதிலிருந்து பெரியவர் கட்டணம் என்பதால் பல தளங்கள் பையனைப் பெரியவராகவே எண்ணி வரியையும் சேர்த்துவிடும். பிறந்த தேதி கொடுத்த பிறகு வரி விவரத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் பையனுக்கு நாங்கள் பார்க்கவில்லை. கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று: போகும்போது இரண்டு வயது நிறையாமல் மடியில் வந்த குழந்தைக்கு, நடுவில் பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்பும்போது தனி சீட் வேண்டும்.

எந்த மாதம் போவது? அட்லாண்டிக் தடத்தில் ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரையும், கிறிஸ்துமஸ் சமயத்திலும் விலை உச்சத்தில் நிற்கும். நம் பிள்ளைகளின் லீவு ஏப்ரல், மே. அங்கே பள்ளிகள் பெரிய விடுமுறை விட்டிருக்காது, ஆகவே ஈஸ்டர் வாரத்தைத் தவிர்த்தால் கடல் தாண்டும் கட்டம் நமக்குச் சாதகம். ஓண லீவில் போகலாம் என்கிறவர்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் அட்லாண்டிக் விலை இறங்கத் தொடங்கும்தான். ஆனால் ஊருக்கு வந்த வளைகுடாக்காரர்கள் பிள்ளைகளோடு திரும்பிப் போகும் நேரமும் அதுதான். கொச்சியிலிருந்து துபாய், தோஹா வழியாகப் போகும் டிக்கெட் எகிறும். அப்போது சென்னையிலிருந்து நேராக லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் போகிற விமானங்களையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். வாளையாறு தாண்டினால் கோவை என்பதற்காக அங்கேதான் ஏறுவேன் என்று அடம்பிடிப்பதும் தவறு. கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்கு டாக்ஸி வாடகை போக மிச்சம் என்ன என்பதே கேள்வி.

செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு, பிரவுசரில் தேடல் தடம் பதியாத 'இன்காக்னிட்டோ' ஜன்னலில் தேடினால் மலிவு என்பதெல்லாம் நேரத்துக்குப் பிடித்த கேடு. மலிவு நிறுவனங்களில் வாங்கும்போது மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அட்லாண்டிக்கில் குறைந்த விலைக்குப் பறந்த ஐஸ்லாந்தின் வாவ் 2019 மார்ச்சில் மூடியது, பிளே 2025 செப்டம்பரில். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும்.

கடைசியாக, பெயர். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் பெரிய தலைவலி. என் அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயரிடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். டிக்கெட் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகராது. எப்படி நிரப்புவது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் வேறு, கேட்டுவிட்டுப் போடுங்கள். இன்னும் விசா எடுக்கவில்லை என்றால் முதலில் பாஸ்போர்ட்டில் சர்நேமைச் சேர்த்துவிடலாம். ஏஜென்ட்டிடம் வாட்ஸப்பில் பெயரை எழுதி அனுப்பாதீர்கள், பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள். டிக்கெட் வந்ததும் அன்றைக்கே எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். அமெரிக்கா போகும் விமானங்களுக்கு, புறப்பட 7 நாளாவது இருந்தால், நிறுவனத்திடம் நேரடியாக எடுத்ததை 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தோடு ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அவ்வளவு நேரம் நிறுத்திவைக்கவோ அமெரிக்க விதி இடம் தருகிறது. இந்தியத் தளத்தில் எடுக்கும்போது அதே சலுகை எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.