மேட்ச்டு கிரிப்பா, ட்ரெடிஷனல் கிரிப்பா? ட்ரம்ஸ் தொடங்குபவர் இடது கையை முடிவு செய்யும் வழி

ட்ரம்ஸ் கற்கத் தொடங்கும் பலர் முதல் வாரத்திலேயே குழம்பும் விஷயம் இது. ஒரு வீடியோவில் வாசிப்பவர் இரண்டு கையிலும் ஸ்டிக்கை ஒரே மாதிரி பிடித்திருப்பார். அடுத்த வீடியோவில் இன்னொருவரின் வலது கை வழக்கம்போல் இருக்கும். இடது உள்ளங்கை மட்டும் மேலே திரும்பி, ஸ்டிக் கட்டைவிரல் இடுக்கில் உட்கார்ந்திருக்கும். முதலாவது மேட்ச்டு கிரிப். இரண்டாவது ட்ரெடிஷனல் கிரிப். இரண்டிலும் நான் வாசித்துப் பழகியிருக்கிறேன். எது எதற்கு என்று தெளிவாக வெகுநாள் பிடித்தது. அதனால் இப்போது தொடங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

ஸ்னேர் எது, ஹை-ஹாட் எது, மெட்ரோனோம் எப்படி வைப்பது என்பதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். வலது கைப் பழக்கம் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியது இது. இடது கைக்காரர்களுக்குக் கீழே பின்சேர்க்கையில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்ச்சிங் பேண்டில் ஸ்னேர் வாசிக்கப் போகிறவர்களும், ட்ரெடிஷனல் கிரிப்பை நேரில் திருத்திச் சொல்லித்தரும் ஆசிரியர் கிடைத்தவர்களும் அதிலேயே தொடங்கலாம். மற்ற எல்லோரும் மேட்ச்டு கிரிப்பில் தொடங்குங்கள். கை பழகியபின் ட்ரெடிஷனலைச் சேர்த்துக்கொள்ள எப்போதும் இடம் உண்டு.

இடது கை ஏன் அப்படித் திரும்பியது

இதைத் தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். பழைய ராணுவ ட்ரம் ஸ்டாண்டில் நிற்கவில்லை. தோளில் வார் மாட்டி, உடம்பின் இடப்பக்கம் தொங்கவிட்டு, நடந்துகொண்டே வாசித்தார்கள். அப்படித் தொங்கும் ட்ரம் சாய்ந்துதான் நிற்கும். இடப்பக்க விளிம்பு மேலே ஏறியிருக்கும். அந்த விளிம்பைத் தாண்டி இடது கையால் மேலிருந்து அடிக்க வேண்டுமானால் முழங்கையைத் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். உள்ளங்கையை மேலே திருப்பிப் பிடித்தால் அந்தத் தொல்லை இல்லை. நம்ம ஊர்ப் பறையிலும் இதே நியாயம்தான். கருவி தோளிலிருந்து தொங்குவதால் இடது கை சட்டத்துக்கு மேலாக வந்து நீண்ட மெல்லிய குச்சியால் தட்டுகிறது. வலது கை குட்டையான தடித்த குச்சியால் அடிக்கிறது. கருவி எப்படி நிற்கிறதோ அப்படித்தான் கையும் அமையும்.

ட்ரம் செட் வந்தபிறகு ஸ்னேர் ஸ்டாண்டில் ஏறிவிட்டது. ஆனால் வாசித்தவர்கள் மார்ச்சிங் வழியில் கற்றவர்கள், அல்லது அவர்களிடம் கற்றவர்கள். அதனால் ஜாஸில் அந்தப் பிடியே தொடர்ந்தது. ஜீன் க்ரூபா, பட்டி ரிச், மேக்ஸ் ரோச், ஜோ மொரெல்லோ எல்லோரும் ட்ரெடிஷனல் கிரிப்பில் வாசித்தவர்கள். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வந்தபோது ஏறத்தாழ 7.3 கோடி அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அதில் ரிங்கோ ஸ்டார் பிடித்திருந்தது மேட்ச்டு கிரிப். ராக் வாசிக்க விரும்பிய ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதுவே இயல்பான பிடியாகிவிட்டது. மேட்ச்டு அப்போது பிறந்த புதுமை அல்ல. டிம்பனி (ஆர்கெஸ்ட்ராவின் பெரிய கிண்ண வடிவ ட்ரம்) வாசிப்பவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இரண்டு கையையும் ஒரே மாதிரிதான் பிடித்து வந்தார்கள்.

படி 1: நீங்கள் எதை வாசிக்கப் போகிறீர்கள்?

ராக், சினிமாப் பாட்டு, சர்ச் பாடல்கள், மெட்டல், எலக்ட்ரானிக் பேட் எதுவானாலும் மேட்ச்டு. டாம்களில் (செட்டில் ஸ்னேரைச் சுற்றி இருக்கும் மற்ற ட்ரம்கள்) வேகமாகச் சுற்றிவரும்போது இரண்டு கையும் ஒரே அசைவைச் செய்வது பெரிய வசதி. முக்கியமாக, இடது கை வலப்பக்கம் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் வரை போக வேண்டிய இடங்களில் ட்ரெடிஷனல் சிரமப்படுத்தும்.

மார்ச்சிங் ஸ்னேர், பைப் பேண்ட் (பேக்பைப்போடு சேர்ந்த குழு) வாசிப்பவர்களுக்கு ட்ரெடிஷனல். அங்கே வரிசையில் நிற்கும் எல்லோர் கையும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதும் ஒரு காரணம். பேண்டில் என்ன பிடி வைத்திருக்கிறார்களோ அதைக் கேட்டு அப்படியே பழகுங்கள்.

ஜாஸ் என்றால் இரண்டும் சரி. பிரஷ் (ஸ்டிக்குக்குப் பதிலாகப் பிடிக்கும் கம்பித் தூரிகை) வாசிப்பில் இடது கை தோலின் மேல் வட்டமாகத் தேய்க்கும் அசைவு ட்ரெடிஷனலில் எனக்கு அழகாக வருகிறது. ஜாஸ் ட்ரம்மர் டோனி வில்லியம்ஸ் ட்ரெடிஷனலில் தொடங்கிப் பிறகு மேட்ச்டுக்குப் போனவர். ஜாஸ் வாசிக்க ட்ரெடிஷனல் கட்டாயம் என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரெடிஷனலில் அடி பலமாக விழாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 'தி போலீஸ்' ராக் குழுவின் ஸ்டூவர்ட் கோப்லண்ட் ஸ்னேரை எப்படி அடித்தார் என்று ஒரு முறை கேட்டாலே போதும். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் வாழ்நாள் முழுக்க ராக் வாசித்தது ட்ரெடிஷனலில்தான்.

படி 2: மேட்ச்டு கிரிப்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 16 அங்குல ஸ்டிக்கில் அடிமுனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். ஸ்டிக் ஊசலாடுகிற அந்த இடம்தான் ஃபல்க்ரம். மற்ற மூன்று விரல்கள் ஸ்டிக்கைச் சுற்றித் தளர்வாக இருக்கட்டும், இறுக்க வேண்டாம். உள்ளங்கை முழுவதும் தரையைப் பார்த்தால் ஜெர்மன், கட்டைவிரல் மேலே நின்றால் ஃப்ரெஞ்ச், இடைப்பட்டது அமெரிக்கன். தொடங்குபவர் அமெரிக்கனையே பிடிக்கலாம். ஜெர்மனில் மணிக்கட்டும் ஃப்ரெஞ்சில் விரல்களும் அதிகம் வேலை செய்யும். அந்த வித்தியாசம் பழகப் பழகத் தானாகப் புரியும்.

ஃபல்க்ரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, ஸ்டிக்கை ரப்பர் பயிற்சி பேடின் மேல் விழவிட்டு எத்தனை முறை துள்ளுகிறது என்று கவனியுங்கள். பிடியைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்திப் பாருங்கள். எங்கே அதிகம் துள்ளுகிறதோ அதுதான் உங்கள் இடம்.

படி 3: ட்ரெடிஷனல் கிரிப், அவசரமே இல்லாமல்

நான் அதிக நாள் நின்றது இந்தப் படியில்தான். வீடியோக்களில் முடிந்த நிலையை மட்டும் காட்டுவார்கள். ஐந்து விரலையும் ஒரே நேரத்தில் அந்த இடத்தில் வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் கை இறுகத்தான் செய்யும். ஒவ்வொரு விரலாகச் சேர்ப்பதுதான் எனக்குப் பலித்தது.

இடது கையைக் கைகுலுக்க நீட்டுவதுபோல் நீட்டுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடுக்கின் ஆழத்தில் ஸ்டிக்கை வையுங்கள். நுனி இடுக்கு வேண்டாம், நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள். அடிமுனைப் பக்கம் ஏறத்தாழ 5 அங்குலம் கைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கட்டும். இப்போது மற்ற எல்லா விரல்களையும் திறந்துவிடுங்கள். அந்த இடுக்கு மட்டுமே ஸ்டிக்கைத் தாங்க வேண்டும்.

இப்படியே முன்கையைத் திருப்புங்கள். கதவுக் குமிழைத் திருகும் அசைவுதான் இது. உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பும்போது ஸ்டிக் இறங்கி பேடில் படும். மேலே திரும்பும்போது எழும். மணிக்கட்டை மேலும் கீழும் மடக்கினால் தவறான வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம். மேட்ச்டில் மணிக்கட்டின் மடக்கம் செய்கிற வேலையை இங்கே முன்கையின் சுழற்சி செய்கிறது. இந்த ஒரு விஷயம் கைக்குப் புரியும்வரை அடுத்த விரலைச் சேர்க்காதீர்கள். வலது கையால் இடது முன்கையின் நடுவில் லேசாகப் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள். தோலுக்கு அடியில் எலும்பு உருள்வது தெரிந்தால் அசைவு சரி.

அப்புறம் மோதிர விரல். அதை மடக்கி, நகத்துக்கும் முதல் கணுவுக்கும் இடைப்பட்ட இடத்தில் ஸ்டிக் வந்து அமரும்படி வையுங்கள். தொடக்கத்தில் அந்த இடம் சிவந்து உறுத்தும், நாளாக ஆகத் தோல் தடித்துவிடும். சுண்டுவிரல் மோதிர விரலுக்குக் கீழே ஒட்டி அதைத் தாங்கட்டும். இரண்டும் பிரிந்திருந்தால் மோதிர விரல் சீக்கிரம் களைத்துவிடும்.

கடைசியாக ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஸ்டிக்கின் மேலாக வளைந்து வரும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் முதல் கணுவைத் தொடட்டும். தொட்டால் போதும், அழுத்த வேண்டாம். இந்தக் கட்டைவிரல்தான் பிறகு டபுள் ஸ்ட்ரோக்கில் (ஒரே கையால் அடுத்தடுத்து இரண்டு அடி) இரண்டாவது அடியைக் கட்டுப்படுத்தும். அதனால் அது எப்போதும் தளர்ந்திருக்க வேண்டும்.

ஒரு சோதனை. பிடித்த பிடியில் கையை அப்படியே நிறுத்தி, வலது கையால் ஸ்டிக்கின் நுனியைத் தூக்கிவிட்டு விடுங்கள். ஸ்டிக் தானாக விழுந்து பேடில் பல முறை துள்ள வேண்டும். ஒரே அடியில் நின்றுவிட்டால் ஏதோ ஒரு விரல் இறுக்குகிறது. பெரும்பாலும் அது நடுவிரலாக இருக்கும்.

படி 4: ஸ்னேரின் சாய்வும் உயரமும்

மேட்ச்டுக்கு ஸ்னேர் தட்டையாகவோ உங்கள் பக்கம் மிக லேசாகச் சாய்ந்தோ இருக்கலாம். ட்ரெடிஷனலுக்கு இடப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வலப்பக்கம் சாயுங்கள். தொங்கிய ட்ரம்மின் அதே சாய்வு. இதைச் செய்யாமல் ட்ரெடிஷனலில் ரிம்ஷாட் (தோலையும் விளிம்பையும் ஒருசேர அடிப்பது) அடிக்க முயன்றால் ஸ்டிக் விளிம்பில் சரியாகப் படாது, பிடியின் மேல் பழி விழும். ஸ்னேரின் உயரம் தொடைக்கு மேல் சற்று இடைவெளி இருக்கும்படி இருந்தால் போதும். அடிக்கும்போது இடது முழங்கை வெளியே விரிந்தால் ஸ்னேர் உயரமாக இருக்கிறது என்று பொருள்.

படி 5: போனில் பதிவு செய்து கேளுங்கள்

மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு துடிப்புக்கு இரண்டு அடியாக வலது, இடது, வலது, இடது என்று வாசியுங்கள். போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எது வலது, எது இடது என்று காதுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் இடது கைக்கு இன்னும் வேலை இருக்கிறது. இரண்டு பிடியிலும் இந்தப் பதிவை எடுத்து ஒப்பிடுங்கள். கண்ணாடியைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன். சிங்கிள் ஸ்ட்ரோக், டபுள் ஸ்ட்ரோக், பாரடிடில் (வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது) மூன்றுக்கும் இதே முறைதான்.

சில வாரங்களுக்கு ஒரே பிடியில் நில்லுங்கள். ஒரே பயிற்சி நேரத்தில் மாற்றி மாற்றிப் பிடித்தால் இரண்டும் அரைகுறையாகவே நிற்கும். வாசிப்பு நிலைத்தபிறகு இரண்டையும் வைத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. ஸ்டீவ் காட், வின்னி கொலாயுட்டா இருவரும் இரண்டு பிடியிலும் வாசிப்பவர்கள். ரஷ் ராக் குழுவின் ட்ரம்மர் நீல் பேர்ட் உலகப் புகழ் பெற்றபிறகும், 1990களின் நடுவில் ட்ரம்ஸ் ஆசிரியர் ஃப்ரெடி க்ரூபரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்து ட்ரெடிஷனலைக் கற்றார். வயதாகிவிட்டது, இனி கை மாறாது என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

என்ன வாங்கலாம்

ஸ்டிக் 5ஏ (நடுத்தரப் பருமன்), ஹிக்கரி மரம். இரண்டு பிடிக்கும் பொருந்தும். கை சிறியதாக இருந்தால் அதைவிட மெல்லிய 7ஏ. 2பி போன்ற கனமான ஸ்டிக்கால் கை பலம் பெறும் என்று சிலர் சொல்வார்கள். தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், ட்ரெடிஷனலில் கட்டைவிரல் அடிப்பாகம் வலிக்கும். நல்ல ரப்பர் பேட் ஒன்று வாங்குங்கள். பணம் குறைவாக இருந்தால் ஸ்டிக்கிலும் பேடிலும் போடுங்கள், மெட்ரோனோமுக்கு இலவச ஆப் போதும். தலையணையில் அடித்துப் பழகுவது இப்போது வேண்டாம். அதில் துள்ளல் கிடையாது; துள்ளலை உணராமல் எந்தப் பிடியும் கைக்கு வராது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

இடது கைக்காரர்கள்: செட்டை முழுவதும் திருப்பிப் போட்டு வாசித்தால் ட்ரெடிஷனல் பிடி உங்கள் வலது கைக்கு வரும். வழக்கமான செட்டிலேயே வாசிப்பதும் நடக்கிற காரியம்தான். ரிங்கோ ஸ்டார் இடது கைக்காரர், வலது கைக்காரர் செட்டில்தான் வாசித்தார். மார்ச்சிங் பேண்டில் சேரப் போகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வியர்வையில் ஸ்டிக் நழுவுகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கில் சுற்றும் கிரிப் டேப்பும் உதவும். ட்ரெடிஷனலில் இடுக்குப் படும் இடத்தில் டேப் சுற்றினால் தோல் உரியும், அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

க்ராஸ்-ஸ்டிக் பற்றி முதலில் எழுத விட்டுப்போயிற்று, ஒருவர் கேட்டார். மேட்ச்டில் உள்ளங்கையை ஸ்னேர் மேல் வைத்து ஸ்டிக்கை விளிம்பில் தட்டினால் முடிந்தது. ட்ரெடிஷனலில் முதலில் கையைத் திருப்பி உள்ளங்கையைக் கீழே கொண்டுவர வேண்டும். பாட்டின் நடுவே, சரணத்தில் க்ராஸ்-ஸ்டிக்கும் பல்லவியில் முழு அடியும் வரும் இடங்களில் இந்தத் திருப்பம் தாளத்தைத் தடுமாற வைக்கும். நான்கு மாத்திரை க்ராஸ்-ஸ்டிக், நான்கு மாத்திரை சாதாரண அடி என்று 60-இல் தொடங்கி, திருப்பத்தை மட்டும் தனியாகப் பழகுங்கள்.

வலி பற்றி: தோல் உறுத்தலும் தசைக் களைப்பும் சகஜம். மணிக்கட்டிலோ கட்டைவிரல் மூட்டிலோ குத்தும் வலி வந்தாலும், விரல் மரத்துப்போனாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுநாளும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். பிடியை மாற்றினால் போய்விடும் என்று அதோடு தொடர்ந்து வாசிக்காதீர்கள்.