குவாங்டோங் கோடைக்கு ஒரு சாம்பல் பூசணி சூப்

தென்சீனாவின் குவாங்டோங் பக்கம் கோடை என்றால் வெயிலோடு பிசுபிசுப்பும் சேர்ந்தே வரும். அந்தப் பருவத்தில் உடம்பில் சூட்டோடு ஈரமும் தங்கிவிடுகிறது, பசி மந்தமாவதும் கைகால் கனப்பதும் அதனால்தான் என்பது சீன வைத்தியத்தின் கணக்கு. அதற்கு அங்கே வீட்டில் வைப்பது சாம்பல் பூசணியும் யீமி என்கிற தானியமும் எலும்பும் போட்டு மணிக்கணக்கில் அடுப்பில் கிடக்கும் ஒரு சூப். வெளியே எவ்வளவு கொதித்தாலும் இதைச் சூடாகத்தான் குடிப்பார்கள்.

பூசணி என்றால் நாம் திருஷ்டிக்கு உடைக்கிற அதே பூசணிதான். நன்றாக முற்றி, மேலே சுண்ணாம்பு பூசினதுபோல் இருக்கிற காயாகப் பார்த்து ஒரு கிலோ துண்டு வாங்குங்கள். நாலைந்து பேருக்கு அரை கிலோ பன்றி விலா எலும்பு, 60 கிராம் யீமி, மூன்று துண்டு இஞ்சி, ஒரு சின்னத் துண்டு சென்பி (காய்ந்த ஆரஞ்சுத் தோல்), இரண்டரை லிட்டர் தண்ணீர், உப்பு. அவ்வளவுதான் சாமான்.

யீமியை நம்ம பார்லி என்று நினைத்துவிடாதீர்கள். இது சோளக்கதிர் வகைக்குச் சொந்தமான வேறொரு புல்லின் மணி, பார்லியைவிடப் பெரிசு, நடுவில் பழுப்பாக ஒரு பள்ளம் ஓடும். கிடைக்காவிட்டால் பார்லி போடலாம், ஆனால் சூப் கொஞ்சம் கொழகொழப்பாகும். இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். யீமி குளிர்ச்சி, வயிறு தாங்காது என்று நினைக்கிறவர்கள் ஊறவைக்காமல் வெறும் சட்டியில் லேசாகப் பொன்னிறமாக வறுத்துப் போடுகிறார்கள், வாசனைக்காகவே எனக்கு அதுதான் பிடிக்கும். கர்ப்பிணிகளுக்கு யீமி கொடுப்பதில்லை என்பது சீனக் குடும்பங்களில் பழைய வழக்கம், அவர்களுக்கு யீமி இல்லாமலே வைத்துவிடுங்கள்.

சென்பி என்பது வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்த கமலா ஆரஞ்சுத் தோல். குவாங்டோங்கில் சின்ஹுய் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. குறைந்தது 3 வருஷமாவது பழகியிருக்க வேண்டும் என்பார்கள், வயசு ஏற ஏற விலையும் ஏறும். ஒரு கால் மணி நேரம் ஊறவைத்து, உள்பக்க வெள்ளையைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கசக்கும்.

எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். சாம்பல் நிறத்தில் நுரை திரண்டு மேலே வரும், மூன்று நாலு நிமிஷம் கழித்து அந்தத் தண்ணீரை அப்படியே கொட்டிவிட்டு எலும்பை நன்றாக அலசுங்கள். இதைச் சோம்பேறித்தனமாக விட்டால் சூப் கலங்கிப்போகும், கவிச்சியும் அடிக்கும்.

பூசணியில் நம்ம வழக்கத்துக்கு நேர்மாறான வேலை: தோலைச் சீவக் கூடாது. பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, தோலோடு பெரிய பெரிய துண்டாக வெட்டுங்கள், ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலமாவது இருக்கட்டும். உடம்பில் தேங்கிய நீரை இறக்குவது தோல்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்பிக்கையை விடுங்கள், இரண்டு மணி நேரம் கொதித்தும் காய் கரையாமல் பிடித்து நிற்பது அந்தத் தோலால்தான்.

இப்போது உப்பைத் தவிர எல்லாவற்றையும் மண்சட்டியிலோ கனமான பாத்திரத்திலோ போட்டு, தண்ணீர் ஊற்றி, பெரிய தீயில் இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு, அப்புறம் தீயைக் குறைத்து மூடி ஒன்றரை மணி நேரம் விட்டுவிடுங்கள். மூடியைத் தூக்கித் தூக்கிக் கிளறாதீர்கள். தண்ணீர் வற்றினால் கொதிக்கிற நீர்தான் சேர்க்க வேண்டும், பச்சைத் தண்ணீர் வேண்டாம். குக்கரில் வைத்தாலும் எலும்பு வெந்துவிடும், ஆனால் பூசணி குழைந்து போகும், அந்தத் தெளிவும் வராது. மிளகு தட்டிப் போடக் கை பரபரக்கும், பூண்டு கண்ணில் படும். இரண்டும் இதற்கு வேண்டாம். உப்பு மட்டும், அதுவும் இறக்கும்போது.

பன்றி சாப்பிடாதவர்கள் தோல் நீக்கிய நாட்டுக்கோழி போடலாம். சைவத்துக்கு ஊறவைத்த ஷீட்டாகே காளானும் சோளக்கதிர்த் துண்டும் போதும், ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடலாம்.

சரியாக வந்த சூப் வெளிர் தேன் நிறத்தில் இருக்கும், பூசணிச் சதை கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். முதலில் சூப்பை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக் குடியுங்கள். அடியில் மிஞ்சும் எலும்பையும் காயையும் தட்டில் அள்ளி, சோயா சாஸில் தொட்டு, சோற்றோடு சாப்பிடுவார்கள். தோலை அப்போது ஒதுக்கிவிடலாம்.