பார்க்கின்சனுக்கு சிபிடி எண்ணெய் வாங்குவதற்கு முன்

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத பொருள்தான் சிபிடி. எந்தத் தொந்தரவுக்காக அதை எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றே ஒன்றுதான். "பார்க்கின்சனுக்காக" என்று எழுதினால் அது செல்லாது, ஏனென்றால் நடுக்கம், விறைப்பு, தூக்கம், பதற்றம், இல்லாததைக் கண்ணால் பார்ப்பது எல்லாம் தனித்தனி விஷயங்கள், சிபிடி இவை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

நடுக்கம் நிற்கும், நடை சரியாகும் என்று நினைத்து வாங்குவதாக இருந்தால் என்னுடைய யோசனை, வாங்காதீர்கள். 2014-இல் பிரேசிலில் 21 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தினமும் 75 மில்லிகிராம், இன்னொன்றுக்கு 300 மில்லிகிராம், மூன்றாவது குழுவுக்கு மருந்தே இல்லாத போலி என்று கொடுத்துப் பார்த்தார்கள். அசைவு சம்பந்தப்பட்ட மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை. 300 எடுத்தவர்கள் மட்டும் அன்றாட வாழ்க்கை முன்பைவிடப் பரவாயில்லை என்றார்கள், அதுவும் சின்னக் குழு.

பதற்றம் என்றால் கொஞ்சம் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. 2020-இல் வெளியான ஆய்வில் 24 நோயாளிகளை, 300 மில்லிகிராம் ஒரே வேளை கொடுத்தபின், கூட்டத்துக்கு முன் பேசுவது போல ஏற்பாடு செய்து பேச வைத்தார்கள். போலி மருந்து எடுத்த நாளோடு ஒப்பிட்டால் பதற்றமும் குறைவு, அந்த நேரத்து நடுக்கத்தின் வீச்சும் குறைவு. நாலு பேர் பார்க்கும்போது கை அதிகமாக ஆடுகிறது என்று சொல்லாத பார்க்கின்சன்காரர் குறைவு. "எண்ணெய் விட்டேன், நடுக்கம் போச்சு" என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் குறைந்தது பதற்றமாக இருக்கலாம்.

தூக்கத்தில் கத்துவது, கை காலை வீசுவது பற்றி முதலில் நான்கு பேரிடம் நல்ல பலன் தெரிந்ததாக எழுதினார்கள். பிறகு 33 பேரை வைத்துப் போலி மருந்தோடு ஒப்பிட்டு 2021-இல் முடிவு வந்தபோது அந்தப் பலன் காணோம். மாயத்தோற்றங்களுக்கு 2009-இல் ஆறு பேரிடம் நான்கு வாரம் கொடுத்து நல்லது என்றார்கள், ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழு அதில் இல்லை. மாயத்தோற்றம் இருந்தால் நேராக நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், ஏற்கெனவே எடுக்கும் பார்க்கின்சன் மாத்திரைகளே அதைக் கொண்டுவரலாம், அளவை மாற்றினாலே சரியாகலாம்.

போலி மருந்து என்று இவ்வளவு தடவை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயில் குறைவது டோபமைன், அசைவுக்கு மூளை பயன்படுத்தும் ரசாயனம். நல்ல மருந்து கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பே மூளையில் டோபமைனைச் சுரக்க வைக்கிறது என்று 2001-இல் ஸ்கேன் எடுத்தே காட்டியிருக்கிறார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 61 பேருடன் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில் சிபிடியோடு, கஞ்சாவில் உள்ள இன்னொரு பொருளான டிஎச்சியை மிகக் குறைவாகக் கலந்து இரண்டு வாரம் கொடுத்தார்கள். எடுத்தவர்களுக்கும் முன்னேற்றம், போலி எடுத்தவர்களுக்கும் முன்னேற்றம், இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே முதல் வாரத்தில் உடம்பு லேசாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சரி, இதற்குப் பிறகும் பார்க்கலாம் என்றால், முதல் சொட்டுக்கு இரண்டு வாரம் முன்பே குறிப்பெழுத ஆரம்பியுங்கள். எழுதிய அந்த ஒரு தொந்தரவுக்குத் தினமும் ஒரே நேரத்தில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண், லெவோடோபா (பார்க்கின்சனுக்கான முக்கிய மாத்திரை) போட்ட நேரம், அது வேலை செய்து ஓய்ந்த நேரம், இரவுத் தூக்கம், விழுந்தீர்களா இல்லையா. கூட இருப்பவர் தனி நோட்டில் எழுதட்டும், ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்க வேண்டாம். அந்தக் காலத்தில் வேறு மாத்திரையையோ புது உடற்பயிற்சியையோ தொடங்காதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும் பையோடு எடுத்துப் போங்கள், கடையில் தானாக வாங்கியதையும் சேர்த்து. பல மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளை சிபிடி தடுக்கிறது, அதனால் மற்ற மருந்து ரத்தத்தில் தேங்கிவிடும். வார்ஃபரின், குளோபசாம், சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். குவெட்டியாபின், குளோனசெபாம் எடுப்பவர்கள் தூக்கக் கலக்கம் இரட்டிப்பாகுமா என்றும் கேளுங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை தொடங்கும் முன் ஒன்று, தொடங்கிய பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இன்னொன்று. கிலோவுக்கு 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்த ஒரு ஆய்வில் 13 பேரில் 5 பேருக்குக் கல்லீரல் நொதி ஏறியது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரியும் ஆளாக இருந்தால், படுத்தும் நின்றும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், இந்த நோயில் ஒரு விழுதல் இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம்.

அப்புறம் பாட்டில். சணல் விதை எண்ணெய் (ஹெம்ப் சீட் ஆயில்) என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அதில் சிபிடி கிட்டத்தட்ட இல்லை. 2017-இல் இணையத்தில் வாங்கிய 84 பொருட்களைச் சோதித்தபோது லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான், 18 பொருட்களில் டிஎச்சியும் இருந்தது. டிஎச்சிதான் போதை தருவது, பார்க்கின்சன் உள்ளவர்களுக்குக் குழப்பத்தையும் மாயத்தோற்றத்தையும் கிளப்பக்கூடியது. வெளி ஆய்வகத்தின் சோதனை அறிக்கை, அதில் உங்கள் பாட்டிலின் தொகுதி எண், டிஎச்சி அளவு, இந்த மூன்றும் இல்லாத பாட்டில் வேண்டாம். உங்கள் நாட்டில் இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், பாட்டிலோடு விமானம் ஏறுவதாக இருந்தால் இறங்கும் நாட்டின் சட்டத்தையும்.

இனி கணக்கு, பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். 30 மில்லி பாட்டிலில் மொத்தம் 1500 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் 50. ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி, அதாவது இரண்டரை மில்லிகிராம். காலையும் மாலையும் ஐந்து சொட்டு விட்டால் நாளைக்கு 25 மில்லிகிராம்தான். ஆய்வுகளில் பேசிய 300-ஐ எட்ட அதே பாட்டிலில் தினமும் ஆறு மில்லி குடிக்க வேண்டும், ஐந்தே நாளில் பாட்டில் காலி. இதைப் படித்துவிட்டு நேராக 300-க்குப் போக வேண்டாம், ஆரம்ப அளவையும் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை கூட்டுவது என்பதையும் மருத்துவர் சொல்லட்டும். ஆனால் பத்துச் சொட்டு விட்டு ஒன்றும் தெரியவில்லை என்றால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

சாப்பாடும் இதில் சேர்த்தி. கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் வெறும் வயிற்றில் எடுப்பதைவிட நான்கு மடங்கு அளவுக்கு சிபிடி உடம்பில் சேரும், அதனால் ஒருநாள் சாப்பிட்டு ஒருநாள் பட்டினியில் என்று எடுத்தால் அளவே தினம் மாறும். லெவோடோபா இதற்கு நேர் எதிர், புரதம் அதைத் தடுப்பதால் பலருக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடச் சொல்வார்கள். எனவே லெவோடோபா அதன் நேரத்திலேயே இருக்கட்டும், சிபிடி தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டோடு. எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றினாலும் லெவோடோபாவை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வயிற்றுப்போக்கு, பசியின்மை, பகலில் தூக்கம் வந்தால் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, புதிதாகக் குழப்பம், இல்லாத ஆள் தெரிவது, எழும்போது கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள். எதுவும் வரவில்லை என்றால் மருத்துவரோடு பேசி வைத்த தேதியில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்கள் நகரவில்லையா, பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று இன்னும் ஒரு மாதம் இழுக்காமல் விட்டுவிடுங்கள்.