கிளேஸ், சீலன்ட், வாக்ஸ்: வரிசை மாறினால் எல்லாம் வீண்

கார் பெயின்ட்டின் மேல் பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் பூசுகிற கிளேஸ், சீலன்ட், வாக்ஸ் மூன்றும் பாட்டிலில் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குழம்புதான். பூசுவதும் துடைத்தெடுப்பதும்கூட ஒன்றுபோலவே இருக்கும். அதனால் எதை முதலில் பூசினால் என்ன என்று தோன்றிவிடுகிறது. ஆனால் பெயின்ட்டின் மேல் ஒவ்வொன்றும் செய்கிற வேலை வேறு. வரிசை தப்பினால் நல்ல சரக்கும் சில தடவை கழுவியதுமே போய்விடும்.

கிளேஸில் இருப்பது பெரும்பாலும் எண்ணெயும் நிரப்பிகளும். கயோலின் (வெண்களிமண்) போன்ற நுண்துகள்கள், பெயின்ட்டின் நிறமில்லாத மேலடுக்கான கிளியர் கோட்டில் உள்ள மெல்லிய வட்டக் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்து, வெளிச்சம் சிதறாமல் பார்த்துக்கொள்கின்றன. கீறல் மறைகிறதே தவிர, போவதில்லை. பாதுகாப்பு என்று பார்த்தால் கிளேஸால் அனேகமாக எதுவும் கிடையாது. சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர். அது கிளியர் கோட்டை நேரடியாகப் பிடித்துக்கொண்டு காய்ந்தால் மாதக்கணக்கில் நிற்கும். வாக்ஸில் பெரும்பாலும் கார்னபா மெழுகு எண்ணெயோடும் கரைப்பானோடும் கலந்திருக்கும். அடியில் கிளேஸ் இருந்தாலும் சரி, காய்ந்த சீலன்ட் இருந்தாலும் சரி, அதன்மேல் படர்ந்து உட்கார்ந்துவிடும். ஆயுள் வாரக்கணக்குதான்.

ஆக, இந்த மூன்றில் வெறும் பெயின்ட்டையே தொட்டாக வேண்டிய பொருள் சீலன்ட் ஒன்றுதான். பெரிய தவறுகள் எல்லாம் இதை மறப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன.

கிளேஸ் போட்டு அதன்மேல் சீலன்ட்

அதிகம் நடப்பதும் அதிகம் கெடுப்பதும் இதுதான். கீறலைக் கிளேஸால் மூடிவிட்டு அதைச் சீலன்ட்டால் பூட்டிவிடலாம் என்ற கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளேஸின் எண்ணெய் குறுக்கே நிற்பதால் சீலன்ட்டுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. அதோடு, சீலன்ட்டில் உள்ள கரைப்பான் நிரப்பியையும் கிளப்பிவிடும். துடைத்து முடித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் மறைந்திருந்த கீறல்கள் திரும்பத் தெரியும். வாக்ஸ் போட்டு அதன்மேல் சீலன்ட் பூசுவதும் இதே கதைதான்.

எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட நாள் பாதுகாப்புதான் முக்கியம் என்றால், கீறலைப் பாலிஷ் போட்டே எடுத்துவிட்டு, கிளேஸைத் தவிர்த்து, நேராகச் சீலன்ட்டுக்குப் போங்கள். ஒரு விசேஷத்துக்கோ விற்பனைக்கோ வண்டி பளிச்சென்று இருந்தால் போதும் என்றால், கிளேஸ் போட்டு மேலே வாக்ஸ். சில கிளேஸ்கள் சீலன்ட்டுக்கு அடியில் போடவே தயாரிக்கப்படுகின்றன. லேபிளில் அப்படித் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள்.

கிளேஸே போடவில்லை என்றாலும் சிக்கல் முழுதாகத் தீர்ந்துவிடாது. பாலிஷும் தன் பங்குக்கு எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். வாக்ஸ் கலந்த ஷாம்பூவில் கழுவினால் அதுவும் ஒரு படலம். சாதாரண ஷாம்பூவில் கழுவி, க்ளே பார் (ஒட்டிக்கொண்ட அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) ஓட்டி, பாலிஷ் முடித்தபின், நீர்த்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். 70 சதவீத ஆல்கஹால் 100 மில்லியோடு காய்ச்சி வடித்த நீர் 400 மில்லி கலந்தால் சுமார் 14 சதவீதம் வரும், அது போதும். ஒரு துணியால் துடைத்து, இன்னொரு உலர்ந்த துணியால் உடனே எடுத்துவிடுங்கள். இதைவிடக் கெட்டியாகக் கலந்தால் துணி வழுக்காமல் இழுபட்டு, மென்மையான பெயின்ட்டில் புதுக் கோடுகள் விழும். பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது. படலமாகப் பரவினால் பரப்பு தயார்.

காயும் முன்னே வாக்ஸ்

பல சீலன்ட்டுகளுக்கு 12 முதல் 24 மணி நேரம் தேவை. லேபிளில் போட்டிருப்பதுதான் கணக்கு. குளிரிலும் ஈரக்காற்றிலும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். பாதி காய்ந்த சீலன்ட்டின் மேல் வாக்ஸைத் தேய்த்தால் அதன் கரைப்பான் அடியில் உள்ளதைக் கலைத்துவிடும். இந்த நேரத்தில் மழை மட்டுமில்லை, இரவுப் பனி விழுந்தாலும் கெடுதல்தான். அதனால் மாலையில் சீலன்ட் போட்டால் வண்டியைக் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள்.

வாக்ஸ் வாங்கும்போது "கிளீனர் வாக்ஸ்" என்று எழுதியிருந்தால் வேண்டாம். அதில் உள்ள தேய்ப்பான் நேற்றுப் போட்ட சீலன்ட்டை இன்று சுரண்டி எடுத்துவிடும். காய்ந்த சீலன்ட்டின் மேல் கிளேஸ் போடுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பல கிளேஸ்களில் கிளீனர் கலந்திருக்கிறது.

தடிமனாகப் பூசுவது

நான்கைந்து தடவை பூசினால் ஆழம் கூடும் என்பது வெறும் நம்பிக்கை. கிளியர் கோட்டே பொதுவாக 40, 50 மைக்ரான் அளவுதான். அதன்மேல் நிற்கும் சீலன்ட் படலம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. பிடித்துக்கொண்டது போக மிச்சமெல்லாம் துணியோடு வந்துவிடும். இரண்டாவது தடவை பூசுவதற்கு ஒரே காரணம், முதல் தடவை விட்டுப்போன இடத்தை மூடுவது. அதையும் முதல் பூச்சு முழுக்கக் காய்ந்தபின் செய்யுங்கள்.

பானெட்டுக்கு அப்ளிகேட்டர் பேடில் பட்டாணி அளவில் மூன்று, நான்கு சொட்டு. நடுத்தர அளவுக் கார் முழுவதற்கும் சுமார் 30 மில்லி தாராளம். சாய்வாகப் பார்த்தால் மெல்லிய மங்கல் தெரிய வேண்டும். வெள்ளையாக அப்பியிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது. அப்படிப் போட்டது துடைக்கும்போது இழுவிக்கொண்டே வரும், கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களில் வெள்ளைக் கறையாகத் தங்கும். முன்பே அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

காயவிட்டுத் துடைக்கும் வகை என்றால், விரல்நுனியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் பளிச்சென்று இருந்தால் துடைக்கலாம். ஈரமாக இழுவினால் பொறுத்திருங்கள். தகடு சூடாக இருந்தால் இந்தச் சோதனைக்கே வழியில்லை, கரைப்பான் உடனே பறந்து படலம் திட்டுத்திட்டாக ஒட்டிவிடும். புறங்கையை வைத்தால் சூடு தெரியாத அளவுக்குத் தகடு ஆறியபின், நிழலில் மட்டும் பூசுங்கள்.

புதிதாக அடித்த பெயின்ட்

தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியின் பெயின்ட் சூளையில் சுட்டது, காத்திருக்கத் தேவையில்லை. பட்டறையில் திரும்ப அடித்த பெயின்ட் வேறு. அதிலிருந்து கரைப்பான் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். பெயின்ட்டின் வகையைப் பொறுத்து 30 முதல் 90 நாள் வரை சீலன்ட்டும் வாக்ஸும் வேண்டாம். எத்தனை நாள் என்று அடித்தவரிடமே கேளுங்கள். அதுவரை சிலிகோன் இல்லாத கிளேஸ் போடலாம்.

தண்ணீர் உருளவில்லை என்றதும் மறுபடி பூச ஓடுவதும் வழக்கமாகிவிட்டது. பல நேரம் பூச்சு அப்படியேதான் இருக்கும், மேலே தூசிப் படலம் மூடியிருக்கும். முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவி, பிறகு தண்ணீர் விட்டுப் பாருங்கள். கழுவியும் உருளவில்லை என்றால், அப்போது மட்டும் மறுபடி ஆல்கஹால் துடைப்பிலிருந்து தொடங்கி புதுச் சீலன்ட் போடுங்கள்.