ரெய்டு படுத்துவிட்டதா? 'கிரியேட்' பக்கம் போகாதீர்கள்

பாளையங்கோட்டையில் உறவினர் ஒருவர் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். ஐப்பசி மழையில் ஓர் இரவு மின்சாரம் போய்ப் போய் வந்தது. மறுநாள் அவருடைய லினக்ஸ் கணினியில் ரெய்டு 5, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் அமைப்பு, திறக்கவில்லை. 4 டிஸ்க்கில் 2 வெளியேறியிருந்தன; ரெய்டு 5 தாங்குவது ஓர் இழப்பைத்தான். உள்ளே ஆவணி முகூர்த்தங்களின் கல்யாணப் படங்கள்.

இந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. லினக்ஸில் ரெய்டைக் கையாளும் 'எம்டிஆடம்' (mdadm) கட்டளையில் 'கிரியேட்' மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது பழைய அமைப்பு விவரத்தின் மேல் புதியதை எழுதிவிடும். டிஸ்க் வரிசை மாறினால் படங்கள் கூழாகிவிடும்.

முதலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதே கட்டளையின் 'எக்சாமின்' ஓட்டி, 'ஈவென்ட்ஸ்' எண்ணைத் தாளில் எழுதுங்கள். ரெய்டில் மாற்றம் நடக்க நடக்க இந்த எண் ஏறும்; குறைவாக இருந்தால் அந்த டிஸ்க் முன்பே விலகிவிட்டது என்று பொருள். எங்களுக்கு வந்தவை 48213, 48213, 48209, 31077. கடைசி டிஸ்க் எப்போதோ செத்திருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை! மூன்றாவது அன்றிரவுதான் விழுந்தது. சாட்டா கேபிள் தளர்ந்து தொங்கியது.

பின்தங்கியதை ஒதுக்கினோம். மற்ற மூன்றையும் பழுதான டிஸ்க்கையும் நகலெடுக்கும் 'டிடிரெஸ்க்யூ' மூலம் அதே அளவுள்ள புது டிஸ்க்குகளில் நகலெடுத்து, அசல்களைக் கழற்றி வைத்தோம். செலவுதான், ஆனால் இதில் கஞ்சத்தனம் கூடாது. நகல்களில் எம்டிஆடமின் 'அசெம்பிள்' (இருக்கும் டிஸ்க்குகளை மறுபடி சேர்ப்பது), கூடவே 'ஃபோர்ஸ்' (எண் சற்றுப் பின்தங்கினாலும் ஏற்கச் சொல்வது) கொடுத்ததும் ரெய்டு எழுந்தது. படிக்க மட்டும் அனுமதித்து மவுண்ட் செய்து, படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றினோம். கடைசியாக எழுதிய இரண்டு கோப்புகள் மட்டும் திறக்கவில்லை.