‘பால் பத்தலையா?’ என்று கேட்கும் வீட்டில் முதல் ஆறு வாரம்

குழந்தை அழுதால் போதும், ‘உனக்குப் பால் பத்தலை’ என்று யாராவது தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். இதை வாதாடி ஜெயிக்க முடியாது, டயபரை எண்ணுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு டயபராவது நன்றாக நனைய வேண்டும். கறுப்பு மலம் மஞ்சளாகியிருக்க வேண்டும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது சகஜம். 10 சதவீதத்தைத் தாண்டினாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிப்பதும், சாயங்காலத்தில் விடாமல் கேட்பதும் பச்சிளங்குழந்தையின் வழக்கம். அதைப் பார்த்துப் பயந்து பவுடர் பால் கலக்கினால்தான் சிக்கல். மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவுதான் சுரக்கும். புட்டி கூடக்கூடச் சுரப்பு குறைந்து, சொன்னவர் வாக்கு பலித்தது போலாகிவிடும். எடை நிஜமாகவே ஏறவில்லையென்றால் மருத்துவர் சொன்ன அளவில் தாராளமாகக் கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு புட்டிக்கும் ஈடாக ஒரு முறை பாலைப் பீய்ச்சி எடுத்துவிடுங்கள்.

குடித்து முடித்ததும் காம்பு ஒருபக்கமாக நசுங்கி வெளிறியிருந்தால் பிடிமானம் சரியில்லை. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டி, மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். வாயை அகலத் திறக்கும்வரை பொறுங்கள். தாடை முதலில் மார்பில் பட வேண்டும். வலித்தால் இழுக்காதீர்கள். வாயோரம் சுண்டுவிரலை நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி வையுங்கள்.

உதிரப்போக்கு நாலு முதல் ஆறு வாரம் நீடிக்கலாம். சிவப்பு பழுப்பாகி, பிறகு வெளிறும். வேலை அதிகமானால் மறுபடி சிவக்கும். ‘எழுந்து நடமாடிட்டாளே’ என்று வீட்டு வேலை கையில் வருவதைத் தடுக்க இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுசாக நனைந்தால், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால், தலைவலியோடு கண் மங்கினால் உடனே மருத்துவமனை.

குழந்தையைப் பார்க்க வருபவர்களுக்கு நேரம் சொல்வது கணவரின் வேலை. இருமல், சளி உள்ளவர்கள் பிறகு வரட்டும். யாரும் முத்தமிட வேண்டாம்.

மூன்றாம் நாள்வாக்கில் உங்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரலாம், இரண்டு வாரத்தில் அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குப் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும், அதுவரை தாயைத் தனியாக விடக்கூடாது.