பிக் அப்: 'அப்'பை எங்கே வைப்பது?

கால் டாக்ஸி ஓட்டும் தம்பிகளுக்குச் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். அவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது 'பிக் அப்'தான். 'பிக்கப் எங்க சார்?' என்று நாள் முழுக்கக் கேட்கிறவர்கள், பாதி வேலை ஏற்கெனவே முடிந்தது.

ஆளை ஏற்றிக்கொள்வதில் ஆரம்பியுங்கள். 'ஐ வில் பிக் அப் யூ' என்றுதான் பலருக்கும் வாயில் வரும். அது தவறு. மீ, யூ, ஹிம், ஹெர், இட், தெம் எது வந்தாலும் பிக்குக்கும் அப்புக்கும் நடுவில்தான் வரவேண்டும்: 'ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்.' ஆளின் பெயரோ பொருளோ வந்தால் இரண்டு விதமும் சரி: 'பிக் அப் த பார்சல்', 'பிக் த பார்சல் அப்'. இந்த ஒரு விதிக்கே ஒரு வகுப்பை முழுசாகக் கொடுப்பேன். 'டர்ன் இட் ஆஃப்', 'கால் ஹிம் பேக்' எல்லாம் இதே வழியில்தான் போகும். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 'பிக் இட் அப்' வேகமாகச் சொன்னால் 'பிக்கிட்டப்' என்று ஒரே சொல்லாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் நாக்கு பழகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து போன். 'ஹி டிட்ன்ட் பிக் மை கால்' என்று நம் ஊரில் சகஜமாகச் சொல்கிறோம். வெறும் 'பிக்' என்றால் பூப் பறிப்பது, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. 'ஹி டிட்ன்ட் பிக் அப்' என்றாலே போதும், போனை எடுக்கவில்லை என்று புரியும். 'கால்' வேண்டுமென்றால் 'ஹி டிட்ன்ட் ஆன்சர் மை கால்' என்று சொல்லுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. வகுப்புக்குப் போகாமல், நாலு பேரோடு பழகியே கற்றுக்கொண்டதற்கும் இதுதான்: 'ஐ பிக்ட் அப் ஹிந்தி இன் சூரத்.' வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இன்டர்வியூவில் தயங்காமல் இதைச் சொல்லலாம். நல்ல ஆங்கிலம் அது.

வியாபாரம் சூடுபிடித்தால் 'சேல்ஸ் ஹாவ் பிக்ட் அப்'. பில்லை நான் கட்டுகிறேன் என்பதற்கு 'ஐ வில் பிக் அப் த பில்'.

பெயர்ச்சொல்லாக வரும் 'பிக்கப்'பில் அழுத்தம் முதலில் விழும். வினையாக வரும்போது 'அப்'பில் விழும்.

ஒன்றில் மட்டும் கவனம். முன்பின் தெரியாத பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து வலைவீசுவதையும் 'பிக் அப்' என்பார்கள். அதனால் 'ஐ ஆம் பிக்கிங் அப் எ லேடி' என்று பாதியில் நிறுத்தாதீர்கள். 'ஐ ஆம் பிக்கிங் அப் எ பாசஞ்சர் ஃப்ரம் த ஏர்போர்ட்' என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.